சுடாத ரிவால்வருக்கு என்ன மதிப்பு? மலைவீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கைத்துப்பாக்கியை எடைபோடும் விதம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போதோ, தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதோ சில வீடுகளில் ஒரு ரிவால்வர் வெளியே வருகிறது. தோல் உறை, எண்ணெய்த் துணி, கூடவே ஒரு குடும்பக் கதை: "இதை ஒரு தடவைகூடச் சுட்டதே இல்லை." அடுத்து யாராவது செல்போனில் தேடுகிறார்கள். அமெரிக்க ஏலம் ஒன்றில் அதே பெயருள்ள ரிவால்வர் போன விலையை ரூபாய்க்கு மாற்றிச் சொல்கிறார்கள். அந்தத் தொகை வீட்டார் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

பெரும்பாலும் அது தவறான தொகை. ஏன் தவறு என்று புரிய, ஒன்றோடு ஒன்று குழம்பிக் கிடக்கும் மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுடாதது என்றால் உண்மையில் என்ன பொருள்? அதை உலோகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தாலும் இந்தியாவில் அது பணமாக மாறுமா?

முதலில் சட்டம்

மதிப்புப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. துப்பாக்கிக்கு நடப்பில் லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதைப் பையில் போட்டுக்கொண்டு யாரிடமாவது காட்டப் புறப்படுவதே குற்றம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் காலாவதியாகிப்போன துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதைத் தொட்டிருந்தாலோ 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியும்.

"பழங்காலப் பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்கு மட்டும்தான். சுடாத, புத்தம்புதிதுபோல இருக்கும் ரிவால்வர் அந்த விலக்குக்குள் வரவே வராது. நிலைமை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, சட்டம் அவ்வளவு முழுமையாக அதன்மேல் பாயும்.

இன்னொன்று. பெட்டியில் கிடைத்த துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். சரிபார்ப்பதைத் துப்பாக்கிக் கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ விடுங்கள். பழைய தோட்டாக்கள் கூடவே இருந்தால் அவற்றையும் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.

சுடாதது என்று எதைச் சொல்கிறார்கள்?

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், சுடாத பிரிட்டிஷ் ரிவால்வர் என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியும் பர்மிங்காம் அல்லது லண்டன் சோதனைச்சாலையில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுச் சோதிக்கப்பட வேண்டும். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தேறிய துப்பாக்கியின் குழலான பேரலிலும், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறைக்கு வெளியிலும் சின்னச் சின்ன முத்திரைகளைக் குத்துவார்கள். அமெரிக்கக் கம்பெனிகளும் தொழிற்சாலையிலேயே சுட்டுப் பார்த்துத்தான் அனுப்பின.

ஆகவே சேகரிப்பாளர்கள் சுடாதது என்று சொல்லும்போது, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரும் சுடாதது என்றே பொருள். "சிலிண்டரில் கருப்பு இருக்கிறது, அப்படியென்றால் சுட்டிருக்கிறார்கள்" என்று உடனே முடிவு கட்டுவதும் தவறு. "பளபளவென்று இருக்கிறது, சுடவே இல்லை" என்பதும் அதே அளவு தவறு.

அந்த முத்திரைகளே சில சமயம் குடும்பக் கதையைச் சோதித்துவிடும். போர்க்காலத்தில் ராணுவத்துக்கென்று செய்த ரிவால்வர்களில் ராணுவத்தின் அம்புக்குறி முத்திரை இருக்கும். அவை ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு விற்கப்படும்போதுதான் சோதனைச்சாலைக்குப் போய்ச் சுடப்பட்டு, அங்கே முத்திரை வாங்கின. கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற மூன்று எழுத்துகள் இருந்தால், அது 1955 தொட்டு பர்மிங்காமில் குத்தப்படும் முத்திரை. 1917 என்று தேதி போட்ட வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வரில் இந்த எழுத்துகள் இருந்தால், அது 1955 வாக்கிலோ அதற்குப் பிறகோ பர்மிங்காமில் இருந்திருக்கிறது, அங்கே மறுபடியும் சுடப்பட்டிருக்கிறது. "முதல் உலகப் போர் முடிந்ததும் தாத்தா வாங்கிப் பெட்டியில் வைத்தது" என்ற கதை அதன் முன் நிற்காது.

உலோகத்தில் எங்கே பார்க்க வேண்டும்?

பேரலும் சிலிண்டரும் தனித்தனித் துண்டுகள் என்பதால் ரிவால்வரில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அந்த இடைவெளி வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். தடயம் அங்கேதான் முதலில் விழும். லைசென்ஸ் உள்ளவர், தோட்டா இல்லை என்று கடைக்காரர் உறுதி செய்த பிறகு, ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியோடு இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. சிலிண்டரின் முன்முகம். ஒவ்வொரு தோட்டா அறையின் வாயைச் சுற்றியும் சாம்பல் நிற வளையம் படிந்திருக்கும். தொழிற்சாலைச் சோதனையின் வளையம் மெலிதாக, நிழல்போல இருக்கும். பலமுறை சுட்டதில் வளையங்கள் தடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விரல் நகத்துக்குத் தட்டுப்படும்.

2. இடைவெளிக்கு நேர் மேலே இருக்கும் இரும்புச் சட்டகத்தின் அடிப்பகுதி. நிறையச் சுட்ட ரிவால்வரில் வாயு அந்த இடத்தை அரித்து மெல்லிய கோடு போட்டிருக்கும். எண்ணெய்போட்டுத் துடைத்தாலும் அந்தக் கோடு போகாது.

3. பேரலின் பின்வாய். தோட்டா சிலிண்டரை விட்டுத் தாவி நுழையும் புனல் வடிவ இடம் இது. ஈயப் படிவும் சொரசொரப்பும் இங்கே சேரும்.

4. சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் தட்டு. சுடும்போது தோட்டாவின் அடிப்பாகம் பின்னோக்கி வந்து இதில் மோதும். ஊசி வெளிவரும் துளையைச் சுற்றி மெருகு தேய்ந்து வட்டம் விழுந்திருந்தால், அது சுட்டதன் அடையாளம்.

5. ஸ்க்ரூ தலைகள். பிளவு நசுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சுட்டதற்கு இது சாட்சி ஆகாது, ஆனால் "யாரும் தொடவில்லை" என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அடிக்கடி தவறாகப் படிக்கப்படும் தடயம் ஒன்று உண்டு: சிலிண்டரைச் சுற்றி நடுவில் ஓடும் தேய்ந்த கோடு. சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் நின்று பூட்டிக்கொள்ள, அடியில் ஒரு சிறு பல் அதன்மேல் உரசிக்கொண்டே வரும். தோட்டாவே போடாமல் வெறுமனே டிரிக்கரை இழுத்துப் பார்த்தாலும் இந்தக் கோடு விழும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். கோடு இருப்பதால் சுட்டது என்று ஆகாது. கோடே இல்லை என்றால் மட்டும் அது அரிதான நல்ல செய்தி. அதற்கென்றே சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுப்பார்கள்.

மலையின் ஈரம் எழுதிவைப்பது

சமவெளியில் கிடைக்காத ஒரு சாட்சி நீலகிரியில் உண்டு: ஈரம். தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் குன்னூர்ச் சரிவில் வடகிழக்குப் பருவமழை, இடையிடையே வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் பனிமூட்டம். இந்தக் காற்று, சுட்ட துப்பாக்கியையும் சுடாத துப்பாக்கியையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

காரணம் வேதியியல். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பரவலாக இருந்த தோட்டாக்களின் அடிமூடியில், தீப்பொறி தரும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். நம் சமையல் உப்புக்கு உறவுக்காரன் அது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோலவே இதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பேரலுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். அருவங்காடு தொழிற்சாலை இருப்பதால் கார்டைட் என்ற வெடிமருந்தின் பெயர் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். துருவுக்கும் அதையே குறை சொல்வார்கள். கார்டைட் சூட்டால் பேரலை அரிக்கும். ஆனால் துருவின் முக்கியக் குற்றவாளி அடிமூடியிலிருந்து வரும் இந்த உப்புதான். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் பேரலுக்குள் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவினார்கள்.

இதிலிருந்து ஒரு நியாயம் கிடைக்கிறது. 1930களில் வாங்கி, அன்றிலிருந்து மலையிலேயே இருந்த ரிவால்வர் ஒன்றின் பேரல் உட்புறம் கண்ணாடிபோல இருந்தால், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும்: அந்தக் காலத்துத் தோட்டாவால் அதைச் சுடவில்லை, அல்லது சுட்டவர் ஒவ்வொரு தடவையும் வெந்நீர் விட்டுக் கழுவினார். பேரலுக்குள்ளும் பின்வாயிலும் ஊசி குத்தியதுபோன்ற குழிகள் நிறைந்து, வெளிப்புறம் மட்டும் நன்றாக இருந்தால், அது சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த துப்பாக்கி. குடும்பம் என்ன சொன்னாலும் உப்பு பொய் சொல்லாது.

நேர்மாறான காட்சியும் உண்டு. பேரல் உள்ளே சுத்தம், வெளியே ஒரு பக்கம் மட்டும் துரு. தோல் உறையிலேயே பல ஆண்டுகள் வைத்ததன் பலன் இது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் பொருள்களும் இரும்புக்கு ஆகாது. உறை எங்கெங்கே உரசியதோ, அந்த வடிவத்திலேயே துரு படியும். மதிப்பு குறையும், ஆனால் "சுடாதது" என்ற வாதம் அடிபடாது.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தடவி வைத்தவர்கள் நிறையப் பேர். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தேதான் கிடக்கும். சிலிண்டரின் பள்ளங்களிலும் ஹேமர் இடுக்கிலும் வெள்ளை மெழுகாக அடைத்துக்கொண்டு, காலப்போக்கில் புளித்து, அடியில் உலோகத்தைக் கறைப்படுத்தும். தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய கனிம எண்ணெய் எவ்வளவோ மேல்.

மறுபடி போட்ட மெருகு

சுடாத ரிவால்வர் என்று ஏமாறுவதில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. பழைய ரிவால்வர்களின் கருநீல நிறம் பெயிண்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாடாக ஆக்சைடாக மாற்றி எடுத்த மெருகு. அது தேய்ந்தபின் உரசி எடுத்துவிட்டு மறுபடி நீலம் ஏற்றினால், துப்பாக்கி புதிதுபோல மின்னும், சேகரிப்பு மதிப்போ மளமளவென்று சரியும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குத்திய எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் கரைந்ததுபோல இருக்கும். ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சின்னக் குழிவு தெரியும். நேர்க்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். மெருகுக்கு அடியில் பழைய துருக்குழிகளும் தெரியும். குழிக்கு மேலே நீலம் இருந்தால், நீலம் பிற்பாடு வந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்குப் போன ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ரிவால்வர் இதற்கு நல்ல உதாரணம். வி என்ற எழுத்தோடு தொடங்கும் வரிசை எண் கொண்டது அது. போர் அவசரத்தில் செய்ததால் அதற்கு மங்கலான சாம்பல் நிற மேற்பரப்பு. அந்த மாதிரி உங்கள் கையில் பளபளவென்று கருநீலமாக வந்தால், யாரோ அழகுபடுத்துகிறேன் என்று அதன் அசலை அழித்திருக்கிறார்கள். மங்கலாக இருப்பதுதான் அங்கே உயர்ந்த நிலை.

எனவே வீட்டில் யாரும் எமரித்தாள், இரும்பு நார், பித்தளைப் பாலிஷ் எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

எல்லா ரிவால்வருக்கும் இது ஒரே மாதிரி இல்லை

சுடாதது என்ற தகுதிக்கு எல்லாவற்றிலும் ஒரே எடை கிடையாது. 1955 முதல் 2005 வரை வந்த கோல்ட் பைத்தான் போன்ற ஒரு ரிவால்வருக்கு, சுடாதது, அசல் பெட்டி, காகிதங்கள் என்ற மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கச் சந்தையில் விலை எங்கேயோ போகும். நல்ல நிலையில் இருப்பவை அங்கே ஏராளம் என்பதால், கடைசிப் படிக்குத்தான் போட்டி.

நம் மலையில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு ரகம். வெப்லி மார்க் 6, 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட .455 அங்குலத் துளை ரிவால்வர். பதுங்குகுழிப் போருக்காகச் செய்தது. அதில் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது, சட்டகத்திலும் பேரலிலும் சிலிண்டரிலும் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதை. அடுத்தது, சிலிண்டரின் பின்பக்கம் சீவப்படாமல் இருக்கிறதா என்பது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் நிறைய, அந்த ஊரில் எளிதாகக் கிடைத்த .45 தோட்டாவுக்காகச் சீவப்பட்டன. சீவாமல் அசலாக மிஞ்சியது, பத்துத் தடவை சுட்டிருந்தாலும், சுடாமல் சீவியதைவிட மேலானது.

என்ஃபீல்டு எண் 2 என்ற பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர் இன்னும் தெளிவான பாடம். 1938இல் டேங்க் வீரர்களுக்காக, ஹேமரை விரலால் பின்னிழுக்க நீண்டிருக்கும் கொம்பை எடுத்துவிட்ட வடிவம் வந்தது, இடுக்கமான இடத்தில் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. முன்பு செய்தவையும் பழுது பார்க்க வந்தபோதெல்லாம் கொம்பில்லாததாக மாற்றப்பட்டன. மாற்றப்படாமல் தப்பிய பழைய வடிவத்துக்குத்தான் மவுசு. சுட்டதா சுடாததா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கடை முத்திரையும் பேசும். அந்த நாளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்குவது வழக்கம். பேரலுக்கு மேலே விற்ற கடையின் பெயர் இருக்கும்: ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ், கல்கத்தாவின் மான்ட்டன், ரோடா, சென்னையின் பி.ஆர் அண்ட் சன்ஸ். இதே ரோடா கம்பெனிக்கு வந்த மவுசர் கைத்துப்பாக்கிகளைத்தான் 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கொண்டுபோனார்கள். நம் ஊர்க் கடைப்பெயர் உள்ள துப்பாக்கிக்கு நம் வரலாற்றில் ஒரு முகவரி உண்டு, அந்த எழுத்துகளை உரசி அழிப்பது கொடுமை.

இந்தியாவில் விலையைத் தீர்மானிப்பது எது?

இங்கேதான் டாலர் கணக்கு முற்றிலும் உடைகிறது. காரணங்களை அடுக்கிப் பார்ப்போம்.

1. இந்தியாவில் .38, .455 கைத்துப்பாக்கிகளும் 9 மி.மீ. பிஸ்டல்களும் தடைசெய்யப்பட்ட துளை என்ற வகையில் வருகின்றன. அவற்றுக்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை. .32, .22 போன்றவை தடையில்லாத வகை. அவற்றுக்கு மாவட்ட நிர்வாகமே லைசென்ஸ் தரும், நீலகிரிக்கு ஊட்டி கலெக்டர் அலுவலகம்.

2. லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்காரருக்கோ மட்டுமே விற்க முடியும். ஆக, வெப்லி மார்க் 6 எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதை வாங்கத் தகுதியுள்ளவர்கள் மிகச் சிலர்.

3. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. சேகரிப்பு என்றால் பத்து, இருபது என்று வாங்கிச் சேர்ப்பவர்கள் வேண்டும். இரண்டே இடம் உள்ளவர் அழகுக்காக ஒன்றை வாங்கிப் பூட்டிவைக்க யோசிப்பார்.

4. 1980களிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி இறுகிப்போனது. உள்நாட்டில் கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்தான் சாதாரணமாகக் கிடைத்தது. அதனால் பழைய வெளிநாட்டு .32 ரிவால்வருக்கு நல்ல விலை உண்டு, அது பயன்பாட்டு விலை. வாங்குபவர் அதை இடுப்பில் வைத்துக்கொள்ளப்போகிறார். சுட்டதா சுடாததா என்று வாங்குபவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

5. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமே என்றால், ஏற்றுமதிக்குத் தனி அனுமதி வேண்டும். நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும், தனியாரால் அதை வெளியே கொண்டுபோக முடியாது.

சேர்த்துப் பார்த்தால், உலகச் சந்தையில் சாதாரணமான .32 இங்கே விலைபோகிறது, அங்கே சேகரிப்பாளர்கள் தேடும் .455 இங்கே விற்கவே திணறுகிறது. முதலில் துளை அளவு, அடுத்து லைசென்ஸ் மாற்ற முடியுமா என்பது, அதன்பின் எண்கள் ஒத்துப்போவதும் அசல் மெருகும். சுடாதது என்ற தகுதிக்கு அதற்கும் பின்னால்தான் இடம். விற்பதாக முடிவெடுத்தால், மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எது ஆதாரமாக நிற்கும்?

நடக்காத ஒன்றை நிரூபிப்பது எப்போதும் கடினம். வளையங்களும் குழிகளும் சுட்டதை நிரூபிக்கும். அவை இல்லாதது, சுடவில்லை என்பதை ஓரளவு ஆமோதிக்கத்தான் முடியும். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களுக்கு வரிசை எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலையிலிருந்து எப்போது, யாருக்குப் போனது என்று பழைய பதிவேட்டிலிருந்து கடிதம் வாங்க முடியும். புறப்பட்ட நிலையை அது சொல்லும், அதன்பின் நடந்தது அதில் இருக்காது.

வீட்டிலேயே அதைவிட நல்ல ஆதாரம் இருக்கலாம்: தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம். அதில் தோட்டா வாங்கியதைப் பதியும் பக்கங்கள் உண்டு. எந்தத் தேதியில், எத்தனை தோட்டா என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். துப்பாக்கி வாங்கிய நாளில் 25 தோட்டா, அதன்பின் ஒரு பதிவும் இல்லை, அந்த 25ம் காவல் நிலையத்தில் முழுசாக ஒப்படைக்கப்பட்டு ரசீது இருக்கிறது என்றால், எந்தப் பூதக்கண்ணாடியும் தராத உறுதி அது. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரசீதுகளும் சேர்ந்திருந்தால், அது யார் கையில் எங்கே இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் கிடைக்கும்.

லைசென்ஸ் பெயர்மாற்றத்துக்குப் போகும்போது பழைய புத்தகத்தை அலுவலகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும், அதற்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள்.